லாயரம்மா தயங்கிய கேள்வி

பதுளை ரயிலில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் பாக்கியம் என்று சொன்னவர்கள் யாரும், வழியில் மண் சரிந்து ரயில் நின்றுபோனால் என்ன செய்வது என்று சொல்லித் தரவில்லை. அப்புத்தளைக்குச் சற்று முன்னால் மூன்று மணி நேரம் நின்றோம். ஜன்னலுக்கு வெளியே மூடுபனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எதிரில் இருந்த அம்மாள் தன் பையிலிருந்து இரண்டு பருப்பு வடை எடுத்துக் கொடுத்தார். திண்டுக்கல்லில் முன்பின் தெரியாதவர் ரயிலில் கொடுத்த எதையும் நான் சாப்பிட்டதில்லை. பசி அந்தக் கொள்கையை ஒரு வடையிலேயே தீர்த்துவிட்டது.

பிறகு எல்லோரும் பெட்டி படுக்கையோடு இறங்கி, தண்டவாளம் ஓரமாக நடந்து, ரோட்டுக்கு வந்து பஸ் பிடித்தோம். அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள் நிற்பவர்களின் பைகளை மடியில் வாங்கிக்கொள்கிறார்கள். எங்கள் ஊரிலும் அது உண்டு; ஆனால் இங்கே கேட்காமலேயே பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். பண்டாரவளையில் பாதிக் கூட்டம் இறங்கியபோது என் பை யார் மடியில் இருக்கிறது என்று தேட வேண்டியதாயிற்று. ஒரு சிங்களப் பாட்டியின் மடியில், அவருடைய லீக்ஸ் என்ற வெங்காயத்தாள் போன்ற கீரைக் கட்டுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

நான் போனது வேலையாகத்தான். மதுரையில் ஒரு சிறு பதிப்பகம், கடல் கடந்த ஊர்களின் தமிழ்ப் பெண் வழக்கறிஞர்களைப் பற்றி ஒரு புத்தகம் போடுகிறது. அதில் ஒரு அத்தியாயம் என் பொறுப்பு. ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயம் எனப்படும் வரிசை வீடுகளில் பிறந்து, அந்தச் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து முதன்முதலாகக் கறுப்புக் கோட்டுப் போட்ட பெண் தவமணி. வயது ஐம்பத்து நான்கு. தோட்டத்து ஜனங்களுக்கு அவர் லாயரம்மா. நான் நான்கு நாள் உட்காரவைத்துப் பேட்டி எடுப்பதாக நோட்டுப் புத்தகத்தில் தலைப்பெல்லாம் போட்டு வைத்திருந்தேன்.

பதுளை பஸ் நிலையத்துக்கு அவரே குடையோடு வந்திருந்தார். நூல் சேலை, ரப்பர் செருப்பு, கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. சாப்பிட்டீர்களா என்று விசாரித்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு சைவக் கடைக்குள் கூட்டிப்போய் இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் வாங்கி வைத்தார். தேங்காய்ச் சம்பலைப் பார்த்து நம் ஊர்ச் சட்னி என்று நினைத்து அள்ளி வாயில் போட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் அவர் விஷயத்தைச் சொன்னார்.

“என் கதைய அப்புறம் பாத்துக்கலாம்மா. வெள்ளிக்கிழம ஒரு கேசு இருக்கு. அது முடியிற வரைக்கும் எனக்கு வேற ஒண்ணும் ஓடாது. கூட வர்றதுன்னா வாங்க.”

கோபம் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். கடல் தாண்டி வந்திருக்கிறேன். ஆனால் வாயெல்லாம் எரியும்போது யாரோடும் சண்டை போட முடியாது. சரி என்றேன்.

நான் தங்கியது கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் மாடி அறையில். அவர்களுடைய முன்னோர் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்களாம். மறுநாள் காலை ஏழு மணிக்கு லாயரம்மா வீட்டுக்குப் போனால் விறாந்தையில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அடையாள அட்டை தொலைத்தவர், பிறப்புச் சான்றிதழே எடுக்காதவர், மகனுக்குப் பெண் பார்த்தது சரியா என்று கேட்க வந்தவர். கடைசி ஆளுக்கும் அவர் பதில் வைத்திருந்தார். எல்லோருக்கும் சாயம் என்கிற பால் போடாத தேநீர், கூடவே கடித்துக்கொள்ள ஒரு துண்டு கருப்பட்டி. மலை முழுக்கத் தேயிலை விளையும் ஊரில் தேநீர் அப்படிச் சுமாராக இருந்தது எனக்கு ஆச்சரியம். நல்லதெல்லாம் கப்பலேறிவிடும் என்று பக்கத்திலிருந்த ஒருவர் விளக்கினார்.

கூட்டத்துக்கு நடுவே துண்டு துண்டாக அவர் கதை வந்தது. அம்மா கொழுந்து பறித்தவர், அப்பா தேயிலை ஆலையில். அஞ்சாம் வகுப்புவரை தோட்டப் பள்ளிக்கூடம், பிறகு பண்டாரவளையில் உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படிப்பு. திரும்பி வந்து அதே தோட்டப் பள்ளியில் டீச்சர். சட்டக் கல்லூரிக்குப் பரீட்சை எழுதிய முதல் வருடம் பாஸாகியும் போக முடியவில்லை. நேர்முகத்துக்கு வரச் சொன்ன கடிதம் தோட்டத்து ஆபீசிலேயே கிடந்து, தேதி தாண்டிய பிறகு கைக்கு வந்தது.

எனக்கு இது விளங்கவில்லை. வீட்டுக்கு வரும் கடிதம் ஆபீசில் ஏன் கிடக்கிறது?

“எங்க லயத்துக்கு ஏதும்மா விலாசம்? தோட்டத்துப் பேரு போட்டு, ஆபீசுக்குத்தான் எல்லாம் வரும். அன்னைக்கும் அப்பிடித்தான், இன்னைக்கும் அப்பிடித்தான்” என்றார்.

அவருடைய ஜூனியர் கௌசல்யா என்ற பெண் மிச்சத்தை எனக்கு விளக்கினாள். வெள்ளிக்கிழமை வழக்கே அதிலிருந்து வந்ததுதான். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லாயரம்மா பிறந்த அதே தோட்டத்தில், யோகேஸ்வரி என்றொரு பெண் இருக்கிறாள். புருஷன் கொழும்பில் வேலைக்குப் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அங்கே இப்போது கைக்குழந்தை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். யோகேஸ்வரிக்குப் பிறந்த பத்து வயது மகள் தர்ஷினியின் ஞாபகம் அவனுக்கு அப்போதுதான் வந்திருக்கிறது. விவாகரத்தும் மகளும் கேட்டு வழக்குப் போட்டான். நீதிமன்ற அழைப்பு பதிவுத் தபாலில் வந்தது. யோகேஸ்வரி போகவில்லை. அவள் வராமலேயே வழக்கு நடந்து, மகள் தகப்பனுக்கு என்று தீர்ப்பாகிவிட்டது. தீர்ப்பின் நகலை நீதிமன்ற ஊழியர் நேரில் கொண்டுவந்து கொடுத்தபோதுதான் அவளுக்கு விஷயமே தெரியும்.

தீர்ப்பை ரத்து செய்ய வேண்டுமானால் அழைப்பு தன் கைக்கு வரவில்லை என்று அவள் நிரூபிக்க வேண்டும். ஆனால் கடிதம் பெற்றுக்கொண்டதற்கான தபால் ஒப்புகை அட்டையில் யோகேஸ்வரி என்று கையெழுத்து இருக்கிறது. தமிழில், அழகாக. பள்ளிக்கூடத் தவணை முடிந்து விடுமுறை விட்டதும் மகளை ஒப்படைக்க வேண்டும். அதற்கு மூன்று வாரம்தான் இருந்தது.

புதன்கிழமை விடியும் முன்பே ஆட்டோ பிடித்துத் தோட்டத்துக்குப் போனோம். தோட்டத்தின் பெயரை எழுதக் கூடாது என்று லாயரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏற்றத்தில் ஆட்டோ இரண்டு முறை நின்றது. இரண்டாம் முறை நானும் கௌசல்யாவும் இறங்கித் தள்ளினோம். லாயரம்மாவும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ள வந்தார். அதைப் பார்த்த ஓட்டுநர் பதறிப்போய் அவரை ஏறி உட்காரச் சொல்லிக் கும்பிட்டான். அவர் உட்காரவில்லை.

ஆறு மணிக்குப் பெரட்டு. காலையில் ஆட்களை வரிசையாகக் கூட்டி, யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவது என்று பிரித்துவிடும் இடம் அது. கங்காணி பெயர்களை வாசித்து முடித்தபின், கால்சட்டைப் பையிலிருந்து சில கடிதங்களை எடுத்து அவற்றிலிருந்த பெயர்களையும் அதே குரலில் வாசித்தார். வரிசையில் நின்றவர்கள் வந்து வாங்கிக்கொண்டார்கள். வராதவர்களின் கடிதம் மறுபடி பைக்குள் போயிற்று. இந்தத் தோட்டத்தின் கடிதப் பட்டுவாடா அவ்வளவுதான். யோகேஸ்வரி இரண்டு வருடமாகத் தோட்டத்து வேலையாட்கள் பதிவில் பெயர் இல்லாதவள். கீழே மரக்கறித் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போகிறாள். பெரட்டுக்கு வராதவள் பெயரை மூன்று நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடிதத்தை ஆபீஸ் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார்கள். அவள் போய் அழுதபோது இழுப்பறையைத் திறந்தார்களாம். உள்ளே ஒரு கட்டுக் கடிதம். ஒன்று, வேறொரு பெண்ணுக்குத் தாதிப் பயிற்சிக்கு வரச் சொல்லி வந்தது. அந்தப் பயிற்சி தொடங்கி முடிந்தே போயிருந்தது.

அப்படியானால் அட்டையில் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்டேன். லாயரம்மா லயங்களின் பக்கம் நடந்தார். அங்கே எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஆறுமுகம் தோட்டத்துத் தபால்காரர். அரசாங்க ஆள் இல்லை, தோட்டத்து ஆள். தினமும் காலையில் தோல்பையை மாட்டிக்கொண்டு சந்தியில் இருக்கும் தபால் நிலையத்துக்கு, அங்கே சொல்வதுபோல் தபால் கந்தோருக்கு, இறங்கி, கடிதங்களை வாங்கி, ஆபீசில் சேர்ப்பது அவர் வேலை. முப்பத்தைந்து வருடமாகச் செய்கிறார். எங்களைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி சுடச்சுட ரொட்டியும் வெங்காயச் சம்பலும் கொண்டுவந்தார். முதல் நாள் பட்ட பாட்டில் நான் சம்பலை நகத்தளவு தொட்டுக்கொண்டேன். ரொட்டி பிரமாதம், மூன்று சாப்பிட்டேன்.

ஆறுமுகம் லாயரம்மாவைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். லாயரம்மா அவரை அண்ணே என்றார். அம்மா எப்படி இருக்கிறார், மழை எப்படி, கோயில் கமிட்டியில் பெண்களைச் சேர்த்தது நிலைக்குமா என்றெல்லாம் பேச்சு ஓடியது. கமிட்டியில் பெண்களைச் சேர்க்கச் சொல்லி இரண்டு திருவிழாவுக்குச் சண்டை போட்டவர் லாயரம்மாதானாம். கடைசியில் அவர் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். வெள்ளிக்கிழமை சாட்சி சொல்ல வரும்படி நீதிமன்றம் அனுப்பிய அழைப்பு. தபாலில் விடாமல் தானே வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

“நீங்க உண்மையச் சொன்னா வேலைக்கே ஆபத்து வரும்ணே. பொலிஸ் வரைக்கும் போனாலும் போகலாம். அதச் சொல்லிட்டுத்தான் இதக் குடுக்கிறேன். வேற லாயர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கங்க.”

ஆறுமுகம் தாளை வாங்கி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இன்னொரு ரொட்டி போட்டுக்கொள்ளச் சொன்னார்.

அட்டையில் கையெழுத்துப் போட்டவர் இவர்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இன்னொருத்தியின் பெயரைத் தன் கையால் எழுதிவிட்டு, இந்த மனுஷன் இத்தனை சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறாரே என்று ஆத்திரமாக வந்தது. திரும்பும்போது ஆட்டோவில் அதைச் சொல்லியும்விட்டேன். நேராகக் கேட்டிருக்க வேண்டாமா, ஒரு பிள்ளையின் வாழ்க்கை அல்லவா என்றேன். லாயரம்மா ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

“ரெண்டாவது வருசமும் எனக்குக் கடிதம் வந்துச்சு. அவரு அப்பதான் வேலைக்குச் சேந்திருந்தாரு. என் பேருல அவரே கையெழுத்துப் போட்டு வாங்கி, பையில வைக்காம சட்டைக்குள்ள வச்சு, ஆபீசுக்குப் போகாம நேரா பள்ளிக்கூடத்துக்கு ஏறி வந்து வகுப்புல வச்சுக் குடுத்தாரு. அதே கையெழுத்துதாம்மா. அத நான் எப்பிடித் தப்புன்னு கேக்கிறது?”

என் அத்தியாயத்துக்கான நோட்டுப் புத்தகம் அன்று முழுக்க மூடியே இருந்தது.

வியாழக்கிழமை எனக்கு வேலை இல்லை. பதுளைச் சந்தையில் சுற்றினேன். பீன்ஸ் நம் ஊரைவிட மலிவு, தேங்காய் கொள்ளை விலை. கடைக்காரர் ஒருவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, நீங்கள் எந்தத் தோட்டம் என்று கேட்டார். திண்டுக்கல் என்றேன். அப்படி ஒரு தோட்டம் கேள்விப்பட்டதில்லையே என்று யோசித்தார். மாலையில் லாயரம்மா வீட்டுப் பக்கம் போனேன். விறாந்தையில் யாரும் இல்லை. உள்ளே அவர் கேள்விகளை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்ததாகக் கௌசல்யா சொன்னாள். ஆறுமுகம் வராவிட்டால் என்ன செய்வது என்று அவளிடம் கேட்டேன். வராவிட்டால் தர்ஷினி போய்விடுவாள் என்றாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு நீதிமன்ற வளாகத்தில் யோகேஸ்வரியைப் பார்த்தேன். ஒல்லியான பெண், நல்ல சேலை ஒன்றை இரவல் வாங்கிக் கட்டியிருந்தாள். மகள் தர்ஷினி பள்ளிச் சீருடையிலேயே வந்திருந்தாள். பிள்ளை பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறாள் என்று நீதிபதி பார்க்கட்டும் என்பது தாயின் யோசனை. ஆறுமுகம் வந்திருக்கவில்லை. பத்து மணிக்கும் இல்லை. வழக்கைக் கூப்பிட ஐந்து நிமிடம் இருக்கும்போது, தோல்பையை மாட்டியபடியே வாசலில் வந்து நின்றார். அன்றைய தபாலை வாங்கி ஆபீசில் கொடுத்துவிட்டுத்தான் புறப்பட்டிருக்கிறார். பையைக் கழற்றி வைக்க அவருக்குத் தோன்றவில்லை.

நீதிமன்றத்தில் சிங்களம். கௌசல்யா என் காதருகே தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அட்டையைக் காட்டி, கையெழுத்துப் போட்டு வாங்கியவர் இப்போது தெரியாது என்கிறார் என்றார். யோகேஸ்வரி தன் கையெழுத்து இல்லை என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். யாருடையது என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்து லயத்துக்காரரை அவளும் காட்டிக்கொடுக்கவில்லை.

பிறகு ஆறுமுகம் கூண்டில் ஏறினார். லாயரம்மா எழுந்தார். பெயர், வயது, வேலை எல்லாம் கேட்டார். அதற்கடுத்த கேள்வி வரவில்லை. தாளைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார், மறுபடி தாளைப் பார்த்தார். நீதிபதி, மேலே கேட்க ஏதும் உண்டா என்றார். முப்பது வருடம் வாதாடியவர் அங்கே வாயடைத்து நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆறுமுகம்தான் அவரைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார், கேள் என்பதுபோல.

“இந்த அட்டையில இருக்கிற கையெழுத்து யாரோடது?”

“நான் போட்டதுங்க.”

உங்கள் பெயர் யோகேஸ்வரியா என்று நீதிபதி மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். இல்லை என்றார் ஆறுமுகம். யார் அனுமதி கொடுத்தது?

“யாரும் குடுக்கலைங்க. கையெழுத்து இல்லாம தபால் கந்தோர்ல தர மாட்டாங்க. ஆளு இறங்கி வந்தா அன்னைக்குப் பேரு விழாது. அதனால தோட்டத்துல எல்லாருக்கும் நான்தான் போடுறது. அவங்க அவங்க எழுத்து மாதிரியே போடுவேன்.”

பேர் விழாது என்றால் அன்றைய கூலி போய்விடும் என்று கௌசல்யா எனக்குச் சொன்னாள். ஆறுமுகம் கடைசி வாக்கியத்தைச் சற்றுப் பெருமையோடுதான் சொன்னார். சொன்ன பிறகுதான் அது எங்கே கொண்டுபோய்விடும் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. எதிர்த்தரப்பில் அதற்குமேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. மதியத்துக்குப் பிறகு நீதிபதி தீர்ப்பை ரத்து செய்தார். வழக்கு முதலிலிருந்து நடக்கும், அதுவரை பிள்ளை தாயிடம் இருக்கட்டும் என்றார்.

வெளியே யோகேஸ்வரி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், வெட்கமில்லை. லாயரம்மா கூட்டத்தில் ஆறுமுகத்தைத் தேடினார். அவர் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டிருந்தார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கௌசல்யாவின் அக்கா வீட்டுக்கு மொனராகலை போயிருந்தேன். மலையிலிருந்து இறங்க இறங்க ஸ்வெட்டர், சால்வை என்று ஒவ்வொன்றாகக் கழற்றினேன். வெயிலும் கரும்பும் சேர்ந்து நம் ஊர் மாதிரியே இருந்தது. குளத்து மீன் குழம்பு கிடைத்தது. ஆனால் மனசு மேலேயே இருந்தது. ஆறுமுகத்தின் பையை வாங்கிக்கொண்டு வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள் என்று ஞாயிறு மாலை தொலைபேசி வந்தது. திங்களன்று நான் பதுளை திரும்பியதும் லாயரம்மா என் நோட்டுப் புத்தகத்தை எடுக்கச் சொன்னார். மூன்று மணி நேரம் பேசினார். பேச்செல்லாம் தன்னைப் பற்றி, மனசெல்லாம் அங்கே. நாளைக்குத் தோட்டத்துக்குப் போகிறேன், வருகிறீர்களா என்றார்.

செவ்வாய்க்கிழமை நாங்கள் தோட்டம்வரை போக வேண்டியிருக்கவில்லை. சந்தியிலேயே, தபால் கந்தோர் வாசலில், பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். கூடையும் தலைத்துண்டுமாக முப்பது பேராவது இருக்கும். பை தூக்க ஆள் இல்லை என்று ஆபீசில் கைவிரித்துவிட்டார்களாம். அன்றைய கூலி போனாலும் பரவாயில்லை, எங்கள் கடிதத்தை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று இறங்கி வந்துவிட்டார்கள். இதைத் தொடங்கிவைத்தவள் யோகேஸ்வரி. கந்தோர் ஊழியர் ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டை கேட்டுத் திணறிக்கொண்டிருந்தார். எழுதத் தெரியாத ஒரு அம்மாள் பெருவிரலை மையில் அழுத்தி வைத்துவிட்டு, விரலை முந்தானையில் துடைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

அந்த வரிசையின் நடுவில் ஆறுமுகம் நின்றிருந்தார். தோளில் பை இல்லாமல் அவரைச் சட்டென்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. விசாரணைக் கடிதம் பதிவுத் தபாலில் போட்டிருக்கிறோம் என்று தோட்டத்து ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள். அவர் வீட்டிலிருந்து ஆபீசுக்கு நூறு அடி. ஆனால் சட்டப்படி அனுப்ப வேண்டும் என்பதால் கடிதம் மலையிறங்கி, தபால் முத்திரை வாங்கி, இங்கே காத்திருந்தது.

அவர் முறை வந்தது. ஊழியர் அட்டையை நீட்டினார். ஊரில் பாதிப் பேருக்கு யோசிக்காமல் கையெழுத்துப் போட்டவர், பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டார். பதிவுத் தபால் எதுவும் இதற்கு முன் அவர் பெயருக்கு வந்ததே இல்லையாம். பிறகு மெதுவாக எழுதினார். கடிதத்தை வாங்கி, பிரிக்காமலே திரும்பி, லாயரம்மாவிடம் நீட்டினார்.

“இந்தக் கேச நீ பாப்பியா தங்கச்சி?”

“வெள்ளிக்கிழமையே எடுத்துட்டேண்ணே” என்றார் அவர். ஆனால் கடிதத்தை வாங்கிக்கொள்ளவில்லை. “உங்க பேருக்கு வந்தது. மொதல்ல நீங்க வாசிங்க.”

ஆறுமுகம் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஓரத்தைப் பிய்த்துக் கடிதத்தை விரித்து, கந்தோர் ஜன்னலை விட்டு நகராமல், முதல் வரியிலிருந்து வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினார். பின்னால் நின்ற பெண்கள் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.